தானாக விழுந்த பானை

அக்கா என் பென்சில்களை எடுத்துக்கொண்டாள். சீப்பை எடுத்துக்கொண்டாள். போர்வையில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டாள். என் இடது கன்னம் ஒன்றுதான் அவள் கை வைக்காமல் விட்டிருந்த பொருள். கடைசியில் அதையும் கேட்டாள்.

“அரை மணி நேரம் வந்து உக்காருடி. அந்தப் பக்கத்தைக் காட்டிட்டு.”

“எந்தப் பக்கம்?”

“தெரியாத மாதிரி கேக்காத.”

எங்களுடையது படங்களுக்குச் சட்டம் போடும் கடை. அப்பா போன பிறகு அம்மாவே கண்ணாடி வெட்டினாள், கட்டை அறுத்தாள், மூலை சேர்த்தாள். கல்யாணப் படம், செத்துப்போனவர்கள் படம், பட்டம் வாங்கிய படம் என்று ஊரில் சுவரில் மாட்டும் எல்லா முகமும் எங்கள் கடை மேசையில் ஒரு நாளாவது மல்லாந்து கிடக்கும். சட்டத்துக்கு உள்ளே வைக்கிற அட்டையை வெட்டுவது என் வேலை. என் மேசையைச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தாள் அம்மா. அதில் உட்கார்ந்தால் இடது கன்னம் சுவரைப் பார்க்கும், வலது கன்னம் வாடிக்கையாளரைப் பார்க்கும். புதிதாக வருகிறவர்கள், “உங்க சின்னப் பொண்ணு லட்சணமா இருக்காளே” என்பார்கள். அம்மா உடனே விலையைச் சொல்லிவிடுவாள். நான் திரும்புவதற்குள் வியாபாரம் முடிந்துவிட வேண்டும்.

கன்னம் வெந்தது எனக்கு ஆறு வயதில். அந்தக் காலத்தில் மூலைகளை வச்சிரப் பசை போட்டு ஒட்டுவார்கள். கட்டி கட்டியாக வரும். ஊறவைத்து, இரும்புப் பானையில் போட்டுக் காய்ச்ச வேண்டும். காய்ச்சினால் தேன் மாதிரி இழுபடும், செத்த எலி மாதிரி நாறும். சுடுதண்ணீர் என்றால் மேலே பட்டு ஓடிவிடும். பசை ஓடாது. பட்ட இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். அதற்குத்தானே அது பசை.

கடைப் பின்னறையில் பெரிய நிலைக்கண்ணாடி ஒன்று உண்டு. யாரோ செய்யச் சொல்லிவிட்டு வாங்க வராமல் போனது. அதன் முன்னால் நானும் அக்காவும் நின்றுகொண்டிருந்தோம். அவளுக்குப் பத்து வயது. கண்ணாடியில் தான் முழுசாகத் தெரியவில்லை என்று என்னை முழங்கையால் இடித்தாள். அடுப்பு எனக்குப் பக்கத்தில் இருந்தது. அவ்வளவுதான்.

வீட்டில் இதைச் சொல்வதற்கு ஒரு வாக்கியம் உண்டு. “பானை தானா விழுந்துடுச்சு.” அப்பா அப்படித்தான் சொன்னார், அம்மா அப்படித்தான் சொன்னாள், டாக்டரிடம் அக்காவும் அப்படித்தான் சொன்னாள். பானைக்குக் கால் முளைத்து அடுப்பிலிருந்து இறங்கி என்னைத் தேடி வந்த மாதிரி. நானும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் இருந்த ஒருவன் என்னைப் பார்த்து, “முதல் பாதி சூப்பர், ரெண்டாம் பாதிதான் சுமார்” என்றான். வகுப்பே சிரித்தது. டீச்சர் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. அன்றிலிருந்து என் மூக்குக்கு ‘இடைவேளை’ என்று பேர். கொஞ்ச நாளில் எனக்கே அந்தப் பேர். வாசலில் என்னைக் கண்டதும், “இடைவேளை விட்டாச்சு, எழுந்திருங்கடா” என்பார்கள். நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. அட்டை வெட்ட ஆள் வேண்டியிருந்தது.

அக்கா மட்டும் படித்தாள், வரைந்தாள். அவள் வரைந்தது எல்லாம் ஒரே ஆளை. தன்னைத்தான். பின்னறைக் கண்ணாடி முன்னால் ஸ்டாண்டை வைத்து, தன்னைப் பார்த்துப் பார்த்து வரைவாள். பக்கத்தில் ஒரு முக்காலி. அதில் ஏதாவது பொருள் இருக்கும். காலிக் கூண்டு இருந்தால் அவளுக்குச் சுதந்திரம் இல்லை என்று அர்த்தம். வாடிய பூ இருந்தால் இளமை போகிறது என்று அர்த்தம். நின்றுபோன கடிகாரம், அணைந்த மெழுகுவத்தி, ஒற்றைச் செருப்பு எல்லாம் வந்து போயின. ஒற்றைச் செருப்பு என்னுடையது. படம் முடியும்வரை நான் வெறுங்காலோடு நடந்தேன்.

நகரத்தில் ஒரு கலைக்கூடம் இருந்தது. தன்னைத் தானே வரைந்த படங்களுக்கு அவர்கள் வருடா வருடம் போட்டி வைப்பார்கள். ஜெயித்தால் அங்கேயே ஒரு வருடம் தங்கி வரையலாம். தனி அறை, சாப்பாடு, சாயம், வரைகிற துணி எல்லாம் அவர்கள் பொறுப்பு. வருட முடிவில் தனிக் கண்காட்சி. அக்காவுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அந்த அறை ஒன்றுதான். ஒவ்வொரு வருடமும் படம் போகும், திரும்பி வரும். கடைசித் தடவை திரும்பி வந்த படத்தோடு நடுவர் அம்மாவின் குறிப்பும் வந்தது. “பொருள்கள் எல்லாம் வந்திருக்கின்றன. ஆள்தான் வரவில்லை.”

அக்கா சாப்பிடாமல் கிடந்தாள். மறுநாள் நான் அட்டை வெட்டிக்கொண்டிருந்தபோது என்னைச் சுற்றி வந்து, சுவருக்கும் எனக்கும் நடுவில் தலையை நுழைத்து, இடது கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடையில் துணிக்கு விலை கேட்பதற்கு முன்னால் தொட்டுப் பார்ப்பார்களே, அந்த மாதிரிப் பார்வை.

அப்படித்தான் நான் அவளுக்கு எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தாள். என் கன்னத்தை நேராகப் பார்த்தாள். மறுபடி கண்ணாடி, மறுபடி நான். விளக்கை எவ்வளவு கிட்டே கொண்டுவந்தாள் என்றால் கன்னம் சுட்டது.

“சுடுது.”

“பழக்கந்தானே. என்ன கலர்டி இது? சிவப்பும் இல்ல, ரோஸும் இல்ல.”

“ஈரல்.”

“என்ன?”

“கறிக்கடையில தொங்குமே. அந்த ஈரல் கலர். ஓரத்துல மட்டும் கொழுப்புக் கலர்.”

“அட, கரெக்ட்டுடி” என்று சந்தோஷமாகக் கலக்கினாள். பிறகு கிட்டே வந்து, அந்தத் தோலை விரலால் தொட்டாள். பசை விழுந்த நாளிலிருந்து அதை அவள் தொட்டதே இல்லை. எவ்வளவு வழவழப்பு என்று பார்க்கத் தொட்டாள். பார்த்துவிட்டுப் போய், துணியில் அந்த இடத்தை மட்டும் கட்டைவிரலால் தேய்த்து வழவழப்பாக்கினாள்.

“வலிக்குதா?”

“இல்ல.”

“வலிக்கிற மாதிரி வச்சுக்க.”

“எப்படி?”

“அதெல்லாம் உனக்குத் தெரியாமலா.”

அந்தப் படத்தில் முக்காலி மேல் வச்சிரப் பானை வந்தது. அதே பானை. இப்போது டப்பாவில் பசை வருகிறது, பானையில் ஆணி போட்டு வைத்திருந்தோம். ஆணியைத் தரையில் கொட்டிவிட்டு எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் மூலை சேராத ஒரு சட்டத் துண்டு, கவிழ்த்து வைத்த ஒரு கைக்கண்ணாடி.

முடிந்த படத்தை அம்மா வந்து பார்த்தாள். வாசலுக்குத் தூக்கிப்போய் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். அக்காவின் நெற்றி, அக்காவின் கண், அக்காவின் நீளக் கழுத்து. கன்னத்தில் என் தோல்.

“உன் முகத்துல அதுகூட எவ்வளவு நல்லா இருக்கு பாரு” என்றாள் அம்மா.

உண்மைதான். அவள் முகத்தில் அது ராஜகுடும்பத்துப் பெண்ணுக்குப் போரில் விழுந்த தழும்பு மாதிரி இருந்தது. என் முகத்தில் அது சமையல் கெட்டுப்போன மாதிரி இருக்கும். கன்னத்தை எடுத்ததைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அது அவளுக்குப் பொருந்தியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கடையிலேயே விலை கூடின கட்டையை அறுத்துச் சட்டம் போட்டாள் அம்மா. உள்ளட்டை நான் வெட்டினேன். அடுத்த போட்டிக்குப் படம் போனது.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். நடுவர் அம்மாவேதான்.

“படத்தைப் பாத்து நாங்க எல்லாருமே அழுதுட்டோம்மா” என்றது குரல். “முதல் பரிசு உனக்குத்தான். அறை தயார் பண்ணச் சொல்லிட்டேன்.”

அக்கா சோற்றுக் கையோடு எழுந்து நின்றாள்.

“மத்தவங்கல்லாம் கடையில பொருள் வாங்கி வந்து பக்கத்துல வச்சு வரையறாங்க. நீ உன் தோலையே வச்சிருக்க. இவ்வளவு வருஷம் இதைச் சுமந்துட்டு எப்படிம்மா இருந்த?”

“இல்லீங்கம்மா, அது வந்து... ஒரு அடையாளமா...”

“முன்னாடி படங்கள்ல மறைச்ச மாதிரி இனிமே எங்ககிட்ட மறைக்கவே வேண்டாம். அந்தக் காயம் நெஜம்ங்கிறதுக்காகத்தான் இந்தப் பரிசே. திறப்பு விழாவுக்கு வா. உன் முகத்தை எல்லாரும் பாக்கணும்.”

போன் வைக்கப்பட்டது. அக்காவின் கன்னம் இரண்டும் வெளுத்து, பீங்கான் மாதிரி மழமழவென்று இருந்தன. ஒரு கீறல் இல்லை.

“என்னம்மா பண்றது?” என்று அழ ஆரம்பித்தாள். “பொய்னு தெரிஞ்சா அறையும் போச்சு, எல்லாம் போச்சு.”

அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள். “எதுக்கு அழற? ஆளு பக்கத்துலதானே உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கு.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“இவளா? இவளுக்கு பிரஷ் பிடிக்கக்கூடத் தெரியாதும்மா.”

“பிடிக்கச் சொல்லலையே. வந்து நிக்கத்தானே சொன்னாங்க. கண்ணு, மூக்கு, உயரமெல்லாம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். உன் பேரைச் சொல்லி இவ போய் நிக்கட்டும்.”

“அப்புறம் அங்க போய்த் தங்கறது யாரு?”

“நீதான். ஆபரேஷன் பண்ணி சரியாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். இப்பல்லாம் எவ்வளவோ பண்றாங்க.”

ஆறு வயதிலிருந்து எனக்கு நடக்காத ஆபரேஷன் அக்காவுக்கு ஒரு வாய் சோற்றில் நடந்து முடிந்தது.

“எனக்கு என்ன?” என்று கேட்டேன்.

“உனக்கென்ன? ஒருநாள் என் நல்ல டிரஸ்ஸைப் போட்டுக்கலாம்” என்றாள் அக்கா.

அன்றிலிருந்து மனப்பாடம் நடந்தது. நான் அட்டை வெட்டுவேன், அவள் பின்னால் நின்று கேட்பாள்.

“பானைன்னா?”

“படைப்பின் வெப்பம்.”

“சட்டத் துண்டு?”

“நிறைவு பெறாத வாழ்க்கை.”

“கைக்கண்ணாடி?”

“அகம். அகம்னா என்னக்கா?”

“உள்ள இருக்கறது.”

“கவுத்து வச்சா உள்ள இருக்கறது எப்படித் தெரியும்?”

“வாயை மூடிட்டு மனப்பாடம் பண்ணுடி இடைவேளை.”

அந்தப் பேரை வீட்டில் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. கத்தி அட்டையில் கோணலாக இறங்கியது. ஒரு நல்ல அட்டை வீணானது.

திறப்பு விழா மண்டபம் வெள்ளை வெளேரென்று இருந்தது. சுவர் முழுக்க முகங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் ஒரு பொருள்: மண்டையோடு, ஆப்பிள், பூனை, உடைந்த பொம்மை. நடுச்சுவரில் எங்கள் படம். நான் அக்காவின் உடுப்பில், அக்காவின் பேரில் போனேன். அக்கா என் பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். வாசலில் ஒருவர், “நீங்க?” என்று அவளைக் கேட்டார். “தங்கச்சி” என்று நானே பதில் சொன்னேன். அது ஒத்திகையில் இல்லாதது. வாயில் தானாக வந்தது.

தெருவில் என் இடது பக்கம் வருகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். இங்கே இடது பக்கத்தில்தான் கூட்டம். நரைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்த நடுவர் அம்மா என் கன்னத்தோடு தன் கன்னத்தை வைத்து அழுத்தினாள். என் அம்மா இதுவரை அப்படிச் செய்ததில்லை. எல்லோரும் என் கன்னத்தைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், மறுபடி என்னைப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அது பெரிய சோகம் மாதிரி தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு அம்மாளும் கைக்குட்டையை எடுத்தாள்.

மேடையில் நாற்காலி போட்டுக் கேள்வி கேட்டார்கள். மூன்றாம் வரிசையில் தாடிக்காரன் ஒருவன் எழுந்தான். அவனும் போட்டியில் தோற்ற ஓவியன்தான்.

“எனக்கு ஒரு சந்தேகம். நம்ம முகத்தை நாமளே வரையணும்னா கண்ணாடியப் பாத்துத்தான் வரையணும். அப்ப இடது வலது மாறித்தானே வரும்? இங்க மாறவே இல்லையே. இவங்களை எதிர்ல உக்கார வச்சு வேற யாரோ வரைஞ்ச மாதிரி இருக்கு.”

கடைசி வரிசையில் அக்கா என் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் செய்த தப்பு அது. தன்னைக் கண்ணாடியிலும் என்னை நேரிலும் பார்த்தவள் செய்கிற தப்பு. இதற்கு மனப்பாடம் எதுவும் இல்லை. நான் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், அவளுடைய அறை அன்றோடு போயிருக்கும். என் பழைய மேசை, பழைய சுவர் எனக்கு.

“நான் கண்ணாடி பாக்கறதில்லைங்க” என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஆறு வயசோட நிறுத்தியாச்சு. கண்ணை மூடி, விரலால தடவித் தடவிப் பாத்து வரைஞ்சேன். விரலுக்கு இடது இடதுதான், வலது வலதுதான்.”

சொல்லிக்கொண்டே இடது கையைத் தூக்கி, கண்ணை மூடி, கன்னத்தைத் தடவிக் காட்டினேன். யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். கண்ணைத் திறந்தபோது தாடிக்காரன்கூட நின்று தட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாம் பாதிக்கு இப்படி ஒரு கூட்டம் வரும் என்று அந்தக் கடைசி பெஞ்சுக்காரன் நினைத்தே பார்த்திருக்க மாட்டான்.

“அந்தப் பானை?” என்று மெதுவாகக் கேட்டாள் நடுவர் அம்மா.

படைப்பின் வெப்பம் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கிவிட்டேன். “எங்க கடைப் பானைம்மா. தானா விழுந்துச்சு.” கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.”

“இதை மாத்திக்கணும்னு எப்பவாவது தோணியிருக்கா? ஆபரேஷன், அது இதுன்னு?”

அம்மா போட்டு வைத்திருந்த கதவு அதுதான். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்கினால் அக்கா அந்தக் கதவு வழியாக உள்ளே போய்விடுவாள்.

“சத்தியமா மாத்த மாட்டேன்” என்றேன். “இதை எடுத்துட்டா அப்புறம் நான் யாரு? வேற யாராவது வந்து நான்தான்னு சொன்னாக்கூட நீங்க நம்பக் கூடாது.”

நடுவர் அம்மா எழுந்து வந்து என் தலையைத் தடவினாள். “அறைக்குத் தனியா வந்துடுவியா? துணைக்கு யாராவது வேணுமா?”

“என் தங்கச்சி கூட வருவா. கலர் கரைக்க, பிரஷ் கழுவ ஆள் வேணுமே.”

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா வழி நெடுக என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டே வந்தாள்.

“என் இடத்தைக் குடுடி.”

“என் கன்னத்தைக் குடு.”

“பாவி, அது என் படம். நான் வரைஞ்சது.”

“அது என் மூஞ்சி. எனக்கு வந்தது.”

“நான் நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிடுவேன்.”

“போய்ச் சொல்லு. கன்னத்தைக் காட்டு, பாப்பாங்க.”

அவள் கை தன் கன்னத்துக்குப் போனது. வழவழவென்று இருந்தது. கையை இறக்கிக்கொண்டாள். வீட்டில் அம்மா முதலில் என்னை அடித்தாள். பிறகு உட்கார்ந்து யோசித்தாள். பிறகு அக்காவிடம், “கூடப் போய் வரைஞ்சு குடு. எப்படியும் உன் பேர்தானே படத்துல இருக்கப்போகுது” என்றாள்.

அது சரிதான். அவள் பேர்தான் இருந்தது. கலைக்கூடத்தில் அந்தப் பேரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் நான் திரும்பினேன். முதல் இரண்டு நாள் அவளும் திரும்பினாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

அறை அவள் ஆசைப்பட்ட மாதிரியே இருந்தது. உயரக் கூரை, பெரிய ஜன்னல், சுவரோடு ஒரு நிலைக்கண்ணாடி. வந்ததும் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன். நான்தான் கண்ணாடி பார்ப்பதில்லையே. கட்டில் ஒன்று, அதில் நான் படுத்தேன். கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அவள் வரைவாள். நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். யாராவது கதவைத் தட்டினால் பிரஷ் என் கைக்கு வரும், அழுக்குத் துணி அவள் கைக்குப் போகும். பக்கத்தில் வைக்கிற பொருளை நானே எடுத்துக் கொடுத்தேன். ஒரு படத்தில் என் பள்ளிக்கூடப் பை. ஒரு படத்தில் சுவரைப் பார்த்துப் போட்ட மேசை. ஒரு படத்தில் ஒற்றைச் செருப்பு. இந்தத் தடவை அவள் செருப்பு. படம் காய்கிறவரை போட்டுக்கொள்ளக் கூடாது என்றேன். அவள் வெறுங்காலோடு போய் எனக்கு டீ வாங்கி வந்தாள்.

அவள் வரைய வரைய நன்றாக வரைந்தாள். அதுதான் வேடிக்கை. கோபத்தில் அவள் கை நடுங்கவில்லை, இன்னும் கூர்மையானது. வந்து பார்க்கிறவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார்கள்.

ஒருநாள் காலையில் நான் அலுவலக அறையில் பேசிவிட்டுத் திரும்பி வந்தபோது வராந்தா முழுக்க நாற்றம். செத்த எலி நாற்றம். கதவைத் திறந்தேன். சின்ன மின்சார அடுப்பில் எங்கள் வச்சிரப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. பானையை வீட்டிலிருந்து எப்போது கொண்டுவந்தாளோ, கட்டிப் பசையை எங்கே தேடிப் பிடித்தாளோ. கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வைத்து, அதன் முன்னால் நின்றிருந்தாள். முடியை இறுக்கிக் கட்டி, இடது கன்னத்தில் கரித்துண்டால் கோடு போட்டிருந்தாள். என் கன்னத்தின் எல்லைக்கோடு. மனப்பாடமாகப் போட்டிருந்தாள். ஒரு நெளிவுகூடத் தப்பவில்லை.

துணி சுற்றிய கையால் பானையைத் தூக்கினாள். கன்னத்தருகே கொண்டுபோனாள். ஆவி பட்டதும் இறக்கினாள். மறுபடி தூக்கினாள், மறுபடி இறக்கினாள். நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன்.

“முடியலடி” என்றாள். முகமெல்லாம் வேர்வை. “நீ ஊத்து.”

“நானா?”

“நான் உனக்குப் பண்ணினேன்ல? பதிலுக்குப் பதில். ஊத்து. அப்புறம் நீ வீட்டுக்குப் போயிடு. நான் இங்க இருந்துக்கறேன்.”

‘நான் பண்ணினேன்.’ அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. எத்தனை வருடம் அதற்காகக் காத்திருந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கேட்டதும் ஏதாவது இளகும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இளகவில்லை.

“நான் ஊத்த மாட்டேன்க்கா” என்றேன். “நம்ம வீட்டுல யாரும் ஊத்தறதில்ல. அது தானா விழணும்.”

மறுபடி பானையைக் கன்னத்தருகே தூக்கி, அவள் அப்படியே நின்றாள். கண்கள் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தன. இத்தனை வருடம் அந்த முகத்தில் இல்லாத ஏதோ ஒன்று அதில் வந்திருந்தது. அழகாக இல்லை. யாரிடமும் காட்ட முடியாத முகம். நான் எழுந்து போய் அடுப்பை அணைத்தேன்.

“அசையாத. அடுத்த படம் இதுதான்.”

“என்ன?”

“இப்படியே, பானையோட. பசை ஆறினதும் இடது கையில பிடிச்சுக்க, வலது கையில வரை.”

“என்னையா?”

“எவ்வளவோ தடவை வரைஞ்சவதானே. கண்ணாடிதான் இருக்கே, பாத்து வரை.”

பானையைத் தரையில் போட்டு உடைப்பாள் என்று நினைத்தேன். இரும்புப் பானை, எப்படி உடையும்? பிறகு பிரஷ்ஷை எடுத்தாள். வரைய வேண்டும் என்கிற வெறி அவளுக்கு வெட்கத்தைவிடப் பெரியது. அதை நம்பித்தான் சொன்னேன். அந்த வாரம் முழுக்க அவள் என் பக்கம் திரும்பவில்லை. முக்காலி இல்லை, பூ இல்லை, கூண்டு இல்லை. கையில் பானை, கன்னத்தில் கரிக்கோடு, பயந்து செத்த இரண்டு கண். முடிந்ததும் வழக்கம்போல மூலையில் தன் பேரை எழுதினாள். அதாவது என் பேரை.

நடுவர் அம்மா பார்க்க வந்த அன்று நான் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரஷ்ஷோடு நின்றிருந்தேன். அக்கா டீத் தட்டோடு கதவருகே நின்றாள். கன்னத்தைச் சுத்தமாகக் கழுவியிருந்தாள். நடுவர் அம்மா படத்துக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“இத்தனை படத்துலயும் இதுதான்ம்மா படம்” என்றாள். “இதுலதான் ஆள் வந்திருக்கா. கண்காட்சியில நடுச்சுவர் இதுக்குத்தான். தலைப்பு வச்சிருக்கியா?”

“‘என் தங்கை’ன்னு போட்டுக்கங்கம்மா.”

நடுவர் அம்மா திரும்பிக் கதவருகே பார்த்தாள். அக்காவை அன்றுதான் அவள் முதல்முதலாகச் சரியாகப் பார்த்தாள். முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உங்க அக்கா உன்னை அப்படியே உரிச்சு வச்சிருக்கா பாத்தியா? கொடுத்து வச்சவம்மா நீ.”

அக்கா முன்னால் வந்து குனிந்து, டீயை நீட்டினாள்.

“சர்க்கரை போதுமாம்மா?” என்று கேட்டாள்.